ஹேண்டிகேப், பெனால்டி, அலவன்ஸ்: ரேஸ் கார்டில் எடையைப் படிப்பது எப்படி?

அகராதியைப் புரட்டினால் ஹேண்டிகேப் என்பதற்குக் குறைபாடு, தடை என்றிருக்கும். அந்தப் பொருளை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் ரேஸ் கார்டை, அதாவது பந்தயத்தில் ஓடும் குதிரைகள், எடை, ஜாக்கி விவரம் அடங்கிய பட்டியலை, படித்தால் எல்லாம் தலைகீழாகத்தான் புரியும். பந்தயத்தில் அது திறமைக்கேற்ப ஏற்றும் எடை. கெட்டிக்காரக் குதிரைக்குத்தான் சுமை அதிகம். கோல்ஃபில் இதற்கு நேர்மாறு, சுமாராக ஆடுபவருக்குத்தான் ஹேண்டிகேப் எண் பெரிது.

படி 1: பந்தயத்தின் வகையைப் பாருங்கள். கிராண்ட் நேஷனல் ஹேண்டிகேப் பந்தயம். எப்சம் டெர்பி அப்படியல்ல. அதில் ஆண் குதிரைகளுக்கெல்லாம் ஒரே எடை, பெண் குதிரைக்கு 3 பவுண்டு குறைவு. பாலினம், வயது போன்ற காரணத்துக்காகக் கிடைக்கும் இந்தக் கழிவுதான் அலவன்ஸ்.

படி 2: எடையைப் பவுண்டாக மாற்றுங்கள். 9-7 என்றால் 9 ஸ்டோன் 7 பவுண்டு. ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு, ஆக 133. நடுவிலுள்ள கோட்டைத் தசமப் புள்ளியாக நினைத்துவிடாதீர்கள். 9-10 என்பது 9-7ஐவிட 3 பவுண்டு கூடுதல்.

படி 3: ரேட்டிங்கோடு, அதாவது குதிரையின் திறமைக்குத் தரப்படும் எண்ணோடு, ஒப்பிடுங்கள். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், நிதானமாகப் போடுங்கள். ரேட்டிங்கில் ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு. ரேட்டிங் 85 உள்ள குதிரை 9-7 சுமந்தால், 72 உள்ளது 13 பவுண்டு குறைவாக, அதாவது 8-8 சுமக்க வேண்டும். 62 உள்ளதற்குக் கணக்குப்படி 7-12 வரும். ஆனால் அந்தப் பந்தயத்தின் குறைந்தபட்ச எடை 8-2 என்றிருந்தால் அது 8-2தான் சுமந்தாக வேண்டும். தன் தகுதிக்கு மேல் 4 பவுண்டு! இதைத்தான் 'அவுட் ஆஃப் தி ஹேண்டிகேப்' என்பார்கள். கார்டில் மிகக் குறைந்த எடை என்பதை மட்டும் பார்த்து அதைச் சலுகை பெற்ற குதிரை என்று எண்ணிவிடுவது வழக்கமான தவறு.

படி 4: பெனால்டியைத் தேடுங்கள். தண்டனை என்ற பொருள் இங்கே பொருந்தாது, குதிரை எந்தத் தப்பும் செய்திருக்காது. எடை அறிவித்த பிறகு வேறொரு பந்தயத்தில் ஜெயித்ததால் கூடும் எடை இது. '6எக்ஸ்' என்று குறித்திருந்தால் 6 பவுண்டு கூடுதல். அச்சிட்ட எடையிலேயே அது பொதுவாகச் சேர்ந்திருக்கும், மறுபடி கூட்டாதீர்கள்.

படி 5: ஜாக்கி பெயரை ஒட்டி 7, 5, 3 என ஏதாவது எண் இருக்கிறதா? பயிற்சி ஜாக்கிக்குக் கிடைக்கும் கழிவு அது. பெனால்டியைப் போலன்றி, இதைக் கார்டு பெரும்பாலும் கணக்கில் சேர்க்காது, நீங்களேதான் கழிக்க வேண்டும். 9-0 எடையில் 7 போனால் 8-7.

அமெரிக்கப் பந்தயக் கட்டுரைகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டனில் ஹேண்டிகேப்பர் என்றால் எடை நிர்ணயிக்கும் அதிகாரி. அமெரிக்காவில், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அலசிச் சொல்பவரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.