கண் பரிசோதனைக்கு முழுப் பணமும் கட்டிய கதை

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருடம், கண்ணாடி பவர் மாறியது போலிருந்ததால் வீட்டுக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போன் செய்து "எங்கள் இன்சூரன்ஸ் எடுப்பீர்களா?" என்று கேட்டேன், "எடுப்போம்" என்றார்கள், போனேன். பரிசோதனை முடிந்த பிறகுதான் தெரிந்தது, கடை வேறு, உள்ளே உட்கார்ந்திருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதித்துப் பவர் எழுதித் தருபவர்) வேறு! அவர் தனியாகத் தொழில் நடத்துபவர், என் இன்சூரன்ஸ் பிளானின் டாக்டர் பட்டியலில் அவர் இல்லை. முழுப் பணமும் கையிலிருந்து போனது.

அதோடு நான் நீட்டியது மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு. அமெரிக்காவில் கண்ணாடிக்காகப் பவர் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் விஷன் பிளான் என்ற, கண்ணுக்கான தனி இன்சூரன்ஸில்தான் வரும். சர்க்கரை நோயாளிக்கு விழித்திரை பார்ப்பது, கண் சிவந்து வீங்குவது போன்றவைதான் மருத்துவப் பக்கம்.

மறு வருடம் விஷன் பிளானின் தளத்தில் என் கணக்கில் நுழைந்து, ஜிப் கோடு போட்டுத் தேடினேன். அந்தப் பட்டியலும் பழசாக இருக்கலாம் என்பதால் கிளினிக்குக்குப் போன் செய்து, பிளான் பெயரை முழுசாகச் சொல்லி, "இந்த டாக்டர் இன்‑நெட்வொர்க்கா?", அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ளவரா என்று கேட்டேன். "எடுப்பீர்களா" என்று மட்டும் கேட்டால் போதாது, நெட்வொர்க்கில் இல்லாதவர்களும் எடுப்போம் என்பார்கள். பிறந்த தேதியைக் கொடுத்ததும் அவர்களே பார்த்து கோ‑பே (நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு, புது ஃப்ரேமுக்கு இந்த வருடம் தகுதி உண்டா என்று சொல்லிவிட்டார்கள். கான்டாக்ட் லென்ஸ் ஃபிட்டிங்குக்குத் தனிக் கட்டணம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம், பரிசோதனை முடிந்ததும் பவர் சீட்டை நாம் கேட்காமலே தர வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. வாங்கிக்கொண்டு கண்ணாடியை வேறு கடையில் போட்டேன்.