தடைக்காலத்தில் போகாதீர்கள்: ராமநாதபுரக் கரையிலிருந்து மெச்சுகாவுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பள்ளிக்கும் விடுமுறை. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் என்று நம் கரையில் யார் தூரப் பயணம் யோசித்தாலும் இந்த இரண்டு மாதத்தைத்தான் பிடிப்பார்கள். மெச்சுகாவுக்கு மட்டும் அந்தக் கணக்கு உதவாது.

அருணாசலப் பிரதேசத்தின் ஷி யோமி மாவட்டத்தில், சீன எல்லையிலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. தள்ளி, கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. சுற்றிலும் மலை, நடுவில் சமவெளி, அதை அறுத்துக்கொண்டு யார்க்யாப் சூ ஆறு. கீழே போனால் இதே ஆற்றுக்கு சியோம் என்று பெயர். ஊருக்குள் போகும் சாலை மலைச்சரிவை வெட்டிப் போட்டது. அங்கே மழை ஏப்ரலிலேயே பிடித்துவிடும், ஜூனில் பருவமழையும் சேர்ந்துகொள்ளும், செப்டம்பர் வரை மண் சரிந்துகொண்டே இருக்கும். ஓர் இடத்தில் சரிந்தால் போதும், இயந்திரம் வந்து அள்ளும்வரை இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்க வேண்டியதுதான். அது மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம், மூன்று நாளாகவும் இருக்கலாம்.

போக வேண்டிய காலம் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை. நமக்கு அடைமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வானம் தெளிந்து பனிமலை கண்ணுக்குத் தெரியும். இது தவறினால் மார்ச். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நம் உடம்புக்குக் கடினம். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிற மாதங்களும் இவைதான். வடக்கே போகும் ரயில் தடம் நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வரம் என்று பெரும்பாலும் கடலோரமாகவே ஓடுகிறது. வங்கக்கடலில் புயல் கிளம்பி ஆந்திராவையோ ஒடிசாவையோ நோக்கித் திரும்பினால் ரயில்கள் ரத்தாகும். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே வானிலை அறிக்கையைப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் முடிக்க வேண்டிய வேலை இன்னர் லைன் பெர்மிட். இந்தியக் குடிமக்களாக இருந்தாலும் வெளிமாநிலத்தவர் இது இல்லாமல் அருணாசலத்துக்குள் நுழைய முடியாது. அம்மாநில அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையும் புகைப்படமும் ஏற்ற வேண்டும். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில்தான். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, வாக்காளர் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, விமான டிக்கெட்டில் இன்னொரு மாதிரி என்று இருக்கும். எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகிறீர்களோ, அதில் உள்ளபடியே பெர்மிட்டிலும் டிக்கெட்டிலும் எழுதுங்கள். போகும் மாவட்டங்களில் ஷி யோமியோடு மேற்கு சியாங்கையும் குறிப்பிடுங்கள், வழியில் ஓர் இரவு தங்கப்போகும் ஆலோ அங்கேதான் இருக்கிறது. மூன்று நகல் எடுத்து இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். கைபேசியில் இருப்பது சோதனைச் சாவடியில் சிக்னல் இல்லாத நேரத்தில் உதவாது.

அஸ்ஸாமில் இருக்கும் திப்ருகர் வரை போக இரண்டு வழி உண்டு. விமானம் என்றால் மதுரையிலிருந்து சென்னை, பிறகு கொல்கத்தாவிலோ குவாஹாட்டியிலோ மாறிப் போகலாம். ரயில் என்றால் கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ். 4,000 கி.மீ.க்கு மேல் ஓடும் இந்த வண்டி கேரளா வழியாகச் சுற்றுவதால் மதுரைப் பக்கம் வராது. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் ஏதாவது ஒன்றில் போய்த்தான் ஏற வேண்டும். தாமதத்தையும் சேர்த்து மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திப்ருகரில் ஓர் இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள். பிரம்மபுத்திராவின் மேல் 2018 டிசம்பரில் திறந்த போகிபீல் பாலம் 4.94 கி.மீ. நீளம், மேலே சாலை, கீழே ரயில். பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களும் ஜன்னலோரம் கேட்டு உட்காருவார்கள். அதைத் தாண்டி சிலாபத்தார், லிகாபாலி வழியாக ஆலோ போக ஒரு பகல் முழுதும் ஆகும். லிகாபாலியில் பெர்மிட் பார்ப்பார்கள்.

ஆலோவிலிருந்து மெச்சுகாவுக்குச் சுமார் 180 கி.மீ. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆனால் போய்ச் சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஷேர் சுமோதான் வண்டி. ஆலோவில் இறங்கியதுமே சுமோ கவுண்டருக்குப் போய் மறுநாளுக்குச் சீட்டு எழுதுங்கள், காலையில் போனால் கிடைக்காது. டிரைவரைத் தவிர பத்துப் பேர். முன்னால் இரண்டு, நடுவில் நாலு, பின்னால் நாலு. நடு வரிசை ஜன்னல் சீட்டைக் கேளுங்கள். பின் வரிசையில் குலுக்கலும் அதிகம், வாந்தியும் அதிகம். சமதரையில் வளர்ந்த நமக்கு இந்த வளைவுகள் வயிற்றைப் புரட்டும். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஆட ஆரம்பித்தபிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

ஹிந்தி தெரியாவிட்டாலும் ஒரு கேள்வியைப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்: ‘ராஸ்தா குலா ஹை?’ சாலை திறந்திருக்கிறதா என்று அர்த்தம். பதிலில் ‘பந்த்’ என்ற சொல் காதில் விழுந்தால் அன்று ஆலோவிலேயே இருங்கள்.

கடிகாரத்தை அங்கே நம்பக்கூடாது. நேரம் இந்தியா முழுக்க ஒன்றுதான், ஆனால் அவ்வளவு கிழக்கே நவம்பரில் நாலரை மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், ஐந்து மணிக்கு இருட்டு. பார்க்க வேண்டியதைக் காலை ஆறு மணிக்கே தொடங்கி மூன்றரைக்குள் முடியுங்கள். கடைகளும் சீக்கிரம் மூடிவிடும். ஹோம்ஸ்டேயில் இரவுச் சாப்பாட்டை மதியமே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு அரிசிச் சோறு தாராளமாகக் கிடைக்கும். பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, முட்டை, மோமோ, துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் உண்டு. புளியும் தேங்காயும் கிடையாது. புளியோதரைப் பொடி கால் கிலோ கொண்டுபோனால் நாலு பேருக்கு ஒரு வாரம் ஓடும். இறைச்சி பெரும்பாலும் பன்றி, மாடு, கோழி. ஹலால் பார்ப்பவர்கள் முட்டையும் காய்கறியும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கும் வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கக் கருப்பட்டி எடுத்துப் போங்கள், கட்டஞ்சாயாவுக்குப் பொருந்தும்.

குளிருக்கான துணியை ராமநாதபுரத்தில் தேடி அலைய வேண்டாம். திப்ருகரில் மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்கும். ஒரே தடித்த கோட்டைவிட உள்ளே ஒட்டிய தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்குமேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போடுவதுதான் தாங்கும். கம்பளிச் சாக்ஸ் மூன்று ஜோடி. அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தந்தால் தூங்குமுன் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். மூடிய அறையில் அந்தப் புகையற்ற நச்சு வாயு உயிரை எடுக்கும். மூச்சு முட்டுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம், மலைநோய் வருகிற உயரம் அது இல்லை.

இனி ஆறு. கடலில் நீந்திப் பழகியவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கும், இந்த நன்னீர் அந்த அளவுக்குத் தூக்காது. பனி உருகி வருவதால் இறங்கியதும் மூச்சு இழுத்துப் பிடிக்கும், சில நிமிடத்தில் கைகால் விறைக்கும். ஆழம் முழங்கால்தான் என்று தெரிந்தாலும் அடியில் உருளும் கூழாங்கல் காலை வாரும், இழுவை எழவிடாது. கரையில் உட்கார்ந்து காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். ஆற்றின் மேல் கம்பி கட்டிய தொங்குபாலங்களில் ஒவ்வொருவராக, பலகையின் நடுவில் மிதித்து, கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நடங்கள். எதிரே சுமையோடு ஆள் வந்தால் அவர் கடக்கும்வரை இந்தப் பக்கமே நில்லுங்கள்.

ஆற்றோரத்தில் கொசுவைவிடச் சிறிய கருப்பு ஈ கடிக்கும், டிம்டாம் என்பார்கள். கடித்த இடம் பல நாள் அரிக்கும். முழுக்கைச் சட்டையும் சாக்ஸும்தான் மருந்து.

இங்கே வாழும் மேம்பா மக்களின் பழைய பௌத்த மடாலயமான சம்தென் யோங்சாவுக்கு ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்கள். ராணுவ முகாம், விமான இறங்குதளம் பக்கம் கேமராவைத் திருப்பக்கூடாது. எல்லைப் பக்கம் போக இன்னர் லைன் பெர்மிட் மட்டும் போதாது, உள்ளூரில் அனுமதி கேட்க வேண்டும்.

பணத்தை ரொக்கமாக திப்ருகரிலேயே எடுத்து வையுங்கள். மெச்சுகாவில் ஏ.டி.எம்.மை நம்பி இறங்குவது தப்பு, நெட்வொர்க் போனால் ஜிபேயும் போய்விடும்.

விமானத்தில் போனாலும் ஊரிலிருந்து ஊருக்குப் பதினொரு நாள் வேண்டும்: மெச்சுகாவில் மூன்று, போக வர ஆறு, கையிருப்பு இரண்டு. கையிருப்பு நாளை மெச்சுகாவில் செலவழிக்காதீர்கள், திப்ருகருக்கு வந்தபிறகு மிஞ்சினால் மிஞ்சட்டும். மெச்சுகாவில் இறங்கிய அன்றே திரும்பும் சுமோவுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். சாலை இரண்டு நாள் அடைபட்டுத் திறந்தால், கவுண்டரில் முதலில் எழுதியவர்களுக்குத்தான் முதல் வண்டி.