டியூப் லைட் வெளிச்சத்தில் துடித்த படம்: என் அனுபவம்

பிரிட்டனில் ஒரு கல்லூரியில் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பு படித்தபோது, என் முதல் குறும்படத்தின் வகுப்பறைக் காட்சி முழுக்கத் துடித்தது. நடித்த தோழியின் கன்னத்தில் மங்கலான பட்டைகள் ஏறிக்கொண்டே இருந்தன. லென்ஸைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமையும் (வீடியோவின் ஒரு தனிப் படத்தை) எடுக்க கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம். அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. பழைய டியூப் லைட்டின் வெளிச்சம் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை, ஆக நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். என் கேமராவோ நொடிக்கு 30 பிரேம், 1/60 நொடி ஷட்டரில் இருந்தது. பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் மாறிவிட்டது. 25 பிரேம், 1/50 என்று வைத்தேன். ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக இரண்டு முழுத் துடிப்பு கிடைத்தது, பட்டை மறைந்தது. வெளிச்சம் கூடுதலாகத் தெரிந்தால் ஷட்டரைத் தொடாதீர்கள். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சுருக்குங்கள், இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடியான என்.டி. ஃபில்டரை லென்ஸ் முன் போடுங்கள்.

அப்புறம் அந்தக் காட்சியை மறுபடி எடுத்தோம். தோழி இரண்டாம் முறை இன்னும் நன்றாக நடித்தாள்.