பெல்லட் நன்றாக வந்தால் போதுமா? தாழ்வெப்பப் பீங்கானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாழ்வெப்பப் பீங்கான், அதாவது வெள்ளிக் கோடுகளோடு சேர்த்துக் குறைந்த சூட்டில் சுடும் பீங்கான் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நான் செய்த அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். சூளைக் கதவைச் சூட்டோடு திறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு பெல்லட் (தூளை அழுத்திச் செய்யும் சின்ன வில்லை) வெடித்தால் தானே புரிந்துவிடும்.

போரான் ஆக்சைடை அப்படியே கொட்டுவது

வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெள்ளிக் கோடுகள் அச்சிட்ட பீங்கான் தாள்களை அடுக்கி ஒன்றாகச் சுடுவதால் 900-ஐத் தாண்ட முடியாது. அந்தச் சூட்டிலேயே பீங்கானை இறுக வைக்க மலிவான வழி போரான் ஆக்சைடு. 450 டிகிரியிலேயே உருகித் துகள்களுக்கிடையே பரவி அவற்றை நெருக்கிவிடும். நானும் 3 சதவீதம் சேர்த்தேன். பெல்லட் அருமையாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் டேப் காஸ்டிங், அதாவது தூளைக் குழம்பாக்கி மெல்லிய தாளாக இழுப்பது. தூளை பிவிபி (பாலிவினைல் பியூட்டிரால்) பைண்டரோடு, அதாவது துகள்களைப் பிடித்து வைக்கும் பசையோடு, ஜாடியில் போட்டு இரவு முழுக்க ஓட்டினேன். காலையில் திறந்தால் அரைக்கப் போட்ட சிர்கோனியா உருண்டைகள் ஜெல்லிக்குள் புதைந்து கிடந்தன. ஜாடியைக் கவிழ்த்தேன்; ஒன்றும் விழவில்லை. கரைப்பானைக் கூட்டினேன், துகள்களைப் பிரித்து வைக்கும் டிஸ்பர்சன்டை மாற்றினேன். இரண்டு மாதம் போனது.

விஷயம் இதுதான்: பிவிபி சங்கிலியில் ஹைட்ராக்சில் தொகுதிகள் மிச்சம் இருக்கும். போரான் அவற்றைப் பிடித்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்துவிடும். பசையில் வெங்காரம் கலந்து பிள்ளைகள் ஸ்லைம் செய்கிறார்களே, அதே வேதியியல்தான். “கால்சினேஷன் (தூளை முன்கூட்டியே சுடுவது) பண்ணியாச்சே சார், போரான் எல்லாம் வினையில் போயிருக்கும்” என்று இன்றும் யாராவது சொல்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. துகளின் மேல் ஒட்டியிருக்கும் மிச்சமே ஜாடியைக் கெடுக்கப் போதும்.

போரானை முதலில் துத்தநாகம், பேரியத்தோடு உருக்கிக் கண்ணாடித் தூளாக்கிச் சேருங்கள். அப்போதும் போரான் அதிகமுள்ள கண்ணாடி சில நேரம் அதைக் கசியவிடும். அதனால் பெல்லட் போடும் முன்பே, ஒரு சின்னக் குப்பியில் தூளையும் பைண்டர் கரைசலையும் கலக்கி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கட்டியானால், ஹைட்ராக்சில் இல்லாத அக்ரிலிக் பைண்டருக்கு மாறுங்கள்.

லாந்தனம் ஆக்சைடை டப்பாவிலிருந்து நேரே நிறுப்பது

ஈரத்தை இழுத்து முழுக்க ஹைட்ராக்சைடாக மாறினால் எடை சுமார் 16.6 சதவீதம் கூடியிருக்கும். சுட்டுவிட்டு நிறுங்கள்.

பைண்டரை அவசரமாக எரிப்பது

தாள் கொப்பளிக்கும்.

வெள்ளியோடு சுட்டுப் பார்க்காமல் ‘வெள்ளிக்கு ஒத்துவரும்’ என்று எழுதுவது

சூளை 900-ஐத் தாண்டவில்லை என்பது சான்று ஆகாது. தூளில் 20 சதவீதம் வெள்ளித்தூள் கலந்து சுட்டு எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் எடுங்கள். வெள்ளியோடு வினை நடந்ததைக் காட்டும் புது உச்சி ஏதாவது வரைபடத்தில் தெரிந்தால், எழுதியதை அடித்துவிடுங்கள்.