பெல்ஃபோரைப் பற்றி எழுதும்போது வழுக்கும் இடங்கள்

பிரான்சின் மாவட்டங்களைப் பற்றிப் பயணக் கையேடுகளுக்கு எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. புதிதாக எழுத வந்த ஒரு தம்பி, கிழக்கு பிரான்சில் இருக்கும் பெல்ஃபோர் ஊரையும் அதன் பெயர்கொண்ட மாவட்டத்தையும் பற்றி நாலு பக்கம் அனுப்பியிருந்தார். பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு, ஏறக்குறைய அதே வரியில். எழுத்துப்பிழை, மக்கள்தொகை எல்லாம் திருத்துபவர் பார்த்துக்கொள்வார், விடுங்கள்.

அல்சாஸோடு பெல்ஃபோரையும் ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவது

பிரான்ஸ் ஜெர்மானியரிடம் போரில் தோற்று, 1871-இல் அதன் கிழக்கு எல்லைப் பகுதியான அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது. பெல்ஃபோர் அல்சாஸில் இருந்தது. அதனால் அதுவும் போனது. கணக்கு சரி, விடை தப்பு. கோட்டைப் படத்துக்குக் கீழே 'ஜெர்மன் ஆட்சி, 1871–1918' என்று நான் எழுத, அச்சாகியும் விட்டது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எண் தெரியுமே! மறு அச்சுச் செலவில் பாதி என் கூலியில் கழிந்தது.

நடந்தது வேறு. அந்தப் போரில் ஜெர்மன் படையின் 103 நாள் முற்றுகையிலும் பிரெஞ்சுக் கர்னல் தான்ஃபேர்-ரொஷ்ரோ கோட்டையை விடவில்லை. பிரெஞ்சு அரசே உத்தரவிட்ட பிறகுதான், 1871 பிப்ரவரியில், படையோடு வெளியேறினார். அப்புறம் நடந்த சமாதானப் பேரத்தில் பிரெஞ்சு அரசின் தலைவர் தியேர், பெல்ஃபோரை மட்டுமாவது விடுங்கள் என்று ஜெர்மன் தரப்பின் பிஸ்மார்க்கிடம் மன்றாடினார். ஜெர்மன் படை பாரிஸுக்குள் அணிவகுத்து நுழைவதற்குச் சம்மதித்து, அதைத் தக்கவைத்தார். இப்படி அல்சாஸின் ஓ-ரேன் ('மேல் ரைன்') மாவட்டத்தின் ஒரு துண்டு பிரான்சிலேயே தங்கியது. முதல் உலகப்போருக்குப் பின் அல்சாஸ் திரும்பி வந்தும் அதனோடு ஒட்டவில்லை. 1922-இல் தனி மாவட்டமானது. பழைய மாவட்ட எண்கள் அகரவரிசையில் 89, யோன் வரை போய் முடியும். அதன் வாலில் 90 என்று பெல்ஃபோர் தொங்குவது இதனால்தான்.

தம்பியின் இரண்டாம் பக்கத்தில் பதினான்காம் லூயி காலத்திலேயே 'பெல்ஃபோர் மாவட்டம்' இருக்கிறது. மாவட்டம் என்ற ஏற்பாடே 1790-இல்தான் வந்தது, ஐயா.

ஓ-ரேனில் 'ஓ' என்றால் வடக்கா?

இல்லை, ஆற்றின் மேல்பக்கம். ரைன் வடக்கே பாய்வதால், வரைபடத்தில் ஓ-ரேன், பா-ரேனுக்கு ('கீழ் ரைன்' மாவட்டம்) கீழே இருக்கும்.

'மலை மாவட்டம்'

பெல்ஃபோரை இப்படிச் சொல்வதும் தப்பு. மொத்தமே 609 சதுர கிலோமீட்டர். வடக்கு ஓரத்தில் வோஜ் மலை, தெற்கே ஜுரா. நடுவில் தாழ்வான வாசல். படைகள் வந்தது அந்த வாசலுக்காக. கோட்டை எழுந்ததும் அதற்காகவே.

சிங்கம்

பெல்ஃபோர் கோட்டையடியில் இருக்கும் பெரிய சிங்கச் சிலை, பாறையில் குடைந்ததல்ல. சிவப்பு மணற்கல் துண்டுகளைச் செதுக்கி அடுக்கியது. 22 மீட்டர் நீளம், 11 மீட்டர் உயரம். செய்தவர் பர்தோல்டி, நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்காரர். கிட்டப் போனால் கல்லுக்குக் கல் இணைப்புக் கோடு தெரியும்.

இன்றைய மண்டலம்

அல்சாஸ் அல்ல. பூர்கோஞ்-ஃபிரான்ஷ்-கோந்தே.