'இரவு' என்ற சொல்லைத் தொல் ஸ்லாவியத்தில் மீட்டெடுப்பது எப்படி?

ரஷ்யம், போலிஷ், செர்பியம், பல்கேரியம் போன்ற ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாய்மொழி தொல் ஸ்லாவியம். அதில் எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அதன் சொற்களுக்கு முன் உடுக்குறி (*) போடுகிறோம். எந்த ஏட்டிலிருந்தும் எடுத்த சொல் அல்ல, கணக்குப் போட்டு வந்தது என்று பொருள். 'இரவு' என்ற ஒரே சொல்லில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் இன்றைய சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். ரஷ்ய மொழியில் நொச், போலிஷில் நொட்ஸ், செர்பியத்தில் நொச் (இந்த 'ச்' இன்னும் மென்மை), பல்கேரியத்தில் நொஷ்ட். 'நொ' எல்லாவற்றிலும் இருக்கிறது, அதை விட்டுவிடலாம். தகராறு கடைசி மெய்யில்தான்.

அடுத்து, இதே தகராறு வேறு சொல்லில் வருகிறதா என்று பாருங்கள். மெழுகுவர்த்திக்கு ரஷ்யர்கள் ஸ்வெச்சா என்பார்கள், போலந்துக்காரர்கள் ஷ்வியெட்ஸா, பல்கேரியர்கள் ஸ்வெஷ்ட். அதே ச், ட்ஸ், ஷ்ட்! ஒளிக்கு ரஷ்யச் சொல் ஸ்வெத்; மெழுகுவர்த்தி அதே வேரில் பிறந்த சொல். ஆக, அந்த 'த்' உடன் 'ய்' சேர்ந்துதான் இப்படிப் பிரிந்திருக்கிறது. இரவுக்கும் *நொத்யி என்று எழுதிக்கொள்ளலாம்.

புதிதாகக் கற்பவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். ரஷ்ய மொழியில் 'அடுப்பில் சுடுகிறேன்' என்பது பெகு. 'சுட' என்பது பெச். பெகுவில் இருந்த 'க்' எங்கே போனது? வினையெச்ச விகுதியான 'தி'யோடு கலந்து அதே 'ச்' ஆகிவிட்டது. அப்படியானால் இரவின் 'ச்' த்ய் ஆகவும் இருந்திருக்கலாம், க்தி ஆகவும் இருந்திருக்கலாம். ஸ்லாவிய மொழிகளை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. பக்கத்து வீட்டை, அதாவது உறவு மொழிகளைக் கேட்க வேண்டும்: லிதுவேனியத்தில் நக்திஸ், லத்தீனில் 'இரவின்' என்பதற்கு நொக்திஸ். சரி, பழைய வடிவம் *நொக்தி; அதிலிருந்து வந்ததே *நொத்யி. லிதுவேனியத்தில் 'ந' இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அங்கே குறில் 'அ' வரும் இடத்தில் ஸ்லாவியத்தில் 'ஒ' வருவது வழக்கம்.

கடைசி 'இ' மிகக் குறுகிய ஒலி. பேச்சில் எப்போதோ தேய்ந்துவிட்டது. ரஷ்ய எழுத்தில் மட்டும் அதன் குறி இன்னும் சொல்லின் முடிவில் நிற்கிறது.

இலக்கணத்தில் இது பெண்பால். ஒருமை, இருமை (இரண்டைக் குறிப்பது), பன்மை மூன்றும் உண்டு. விளியையும் சேர்த்தால் வேற்றுமை ஏழு. பயப்பட வேண்டாம், ஒருமையில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம்தான். 'இரவின்', 'இரவுக்கு', இடப்பொருள் மூன்றும் இன்னொரு வடிவத்தில் அடங்கிவிடும். அதில் கடைசி 'இ' முழுதாக ஒலிக்கும். தனித்து நிற்பது கருவி வேற்றுமை: *நொத்யியொ, முடிவில் மூக்கொலியோடு. அதன் பேரப்பிள்ளைதான், 'இரவில்' என்ற பொருளில் ரஷ்யர்கள் இன்றும் சொல்லும் நொச்யு.