வீட்டு சர்வருக்குச் சின்னக் கம்ப்யூட்டர்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு சர்வர் (கோப்பு, வீடியோ போன்றவற்றை வீட்டில் எல்லோருக்கும் தர எப்போதும் ஓடும் கம்ப்யூட்டர்) வைக்க ஆசைப்படும் புதியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ப்ராசஸரைப் பற்றித்தான். நானும் ஒரு காலத்தில் அங்கேதான் தொடங்கினேன். பேக்கப் எடுங்கள், எஸ்டி கார்டை நம்பாதீர்கள் என்பதையெல்லாம் ஏற்கெனவே பலரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிஸ்க்கை எண்ணாமல் பெட்டியை வாங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நண்பர் ஒருவர் உள்ளங்கை அளவுப் போர்டு ஒன்றை வாங்கி, அதன் யூஎஸ்பி போர்ட்களில் இரண்டு 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை நேராக மாட்டினார். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். இரவு பேக்கப் தொடங்கி இரண்டும் சேர்ந்து சுழல ஆரம்பித்ததும் ஒன்று காணாமல் போகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று புதியது வாங்கினார். அதுவும் அப்படியே. கேபிளை மாற்றினார், பலனில்லை. உண்மையில் பற்றாக்குறை மின்சாரத்தில்தான் இருந்தது. கெடாத டிஸ்க்கைத் தூக்கிப் போட்டதுதான் மிச்சம்.

கணக்கைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுப் போர்டு தன் நான்கு யூஎஸ்பி போர்ட்களுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் தரும். 2.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போதே ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். பை 5-இல் 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் 1.6 கிடைக்கும், 3 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் 0.6 ஆகிவிடும்.

தனி அடாப்டர் உள்ள டிஸ்க் டப்பா வாங்கினால் மின்சாரப் பிரச்சினை தீரும், சரி. ஆனால் உள்ளே இருக்கும், டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் சிப் எல்லாம் ஒரே தரம் அல்ல. சில, டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் நிலைமையைப் பற்றித் தானே தரும் விவரத்தை, காட்டாது. ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை) போட்டிருந்தால் இன்னும் மோசம்: இணைப்பு ஒரு நொடி விட்டுப்போனாலும் அது டிஸ்க் போய்விட்டதென்று முடிவுகட்டிவிடும். அப்புறம் டெராபைட் கணக்கில் மறுபடி நிரப்ப வேண்டும்.

அதனால் டிஸ்க் எத்தனை, 2.5-ஆ 3.5-ஆ என்று முதலில் எழுதிவையுங்கள். ஒரே எஸ்எஸ்டி போதுமென்றால் எம்.2 (எஸ்எஸ்டியை நேராகப் போர்டிலேயே செருகும் இடம்) உள்ள எந்த மினி பிசியும் சரிதான். 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட் கேட்கும்; பெரும்பாலான மினி பிசியில் அதற்கு இடமே கிடையாது. சாட்டா போர்ட்டும் டிஸ்க்குக்கு இடமும் உள்ள பெட்டியையே தேடுங்கள், அது கொஞ்சம் பெரிதாக இருந்தாலும்.

டிடிபியைப் பார்த்து மின்செலவைக் கணக்கிடுவது

மினி பிசிகளில் வரும் இன்டெல் என்100 ப்ராசஸருக்கு டிடிபி 6 வாட் என்று போட்டிருப்பார்கள். அது சிப்புக்கான வெப்பக் கணக்கு. ரேம், எஸ்எஸ்டி, நெட்வொர்க் சிப், அடாப்டரில் வீணாவது எல்லாம் அதற்கு மேல். வீட்டு சர்வர் நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். அந்த நேரத்தில் பிளக்கிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பதே முக்கியம். வாட் மீட்டர் வைத்து அளந்து சொன்னவர்களின் எண்ணைத் தேடுங்கள். ஓயாமல் 10 வாட் கூடுதலாக இழுத்தால் ஆண்டுக்கு 87.6 யூனிட்.

வீடியோவை மறப்பது

பை 5-இல் வீடியோவை என்கோட் செய்ய, அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றி எழுத, தனி ஹார்ட்வேர் கிடையாது. ஜெல்லிஃபின் (நம் வீடியோக்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்) ஓட்டி, வீடியோவை மாற்றி அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்த வேலைக்கான குயிக் சிங்க் வசதி உள்ள இன்டெல் சிப்பைப் பாருங்கள்.

வைஃபை

வேண்டாம். கேபிள்.

ரேம்

போர்டோடு பற்றவைத்திருந்தால் பிறகு கூட்ட முடியாது.

கரண்ட் போய் வந்தால்

பெட்டி தானாக எழ வேண்டும். பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) அந்த வசதி உண்டா என்று வாங்கும் முன்பே கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும்வரை சர்வர் அணைந்தே கிடக்கும்.